தாமிரபரணியில் குளித்த உடம்பு உகாண்டாவுக்குப் போகும்போது

கேள்வி: நான் கல்லிடைக்குறிச்சியில் இருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. என் கணவருக்கு 67. அவருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், ராத்திரி ஒரு இன்சுலின் ஊசி. எனக்குத் தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் மட்டும். எங்கள் மகன் ஆறு வருடமாக உகாண்டாவில், கம்பாலாவில் வேலை பார்க்கிறான். இன்னும் ஐந்து வாரத்தில் கிளம்பி, அவனோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வரப் போகிறோம். இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். அங்கே மலேரியா, எபோலா என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். மகனோ, “இங்க மலேரியா நம்ம ஊர் ஜலதோஷம் மாதிரிம்மா” என்கிறான். இவர், “தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளர்ந்த உடம்பு, ஒண்ணும் செய்யாது” என்கிறார். நைல் நதி புறப்படும் ஜின்ஜாவில், காந்தியின் அஸ்தி கரைத்த இடத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று வேறு ஆசைப்படுகிறார். நான் ஒரு டப்பா நிலவேம்புப் பொடி கட்டி வைத்திருக்கிறேன். வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்:

வணக்கம் டீச்சர். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் எண்ணியது நாட்களைத்தான். ஐந்து வாரம் இருக்கும்போதே எழுதினீர்கள், நல்லதாகப் போயிற்று. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது வருகிறவர்களுக்கு என்னால் பாதி உதவிதான் செய்ய முடிகிறது.

அவசரமான காரியம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெயரைக் கேட்டு மஞ்சள்காமாலை என்று நினைத்துவிடாதீர்கள். இது கொசு பரப்பும் வேறொரு வைரஸ் நோய். அதற்கென்று மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே உண்டு. இந்த ஊசிச் சான்றிதழ் இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். அங்கிருந்து திரும்பும்போது நம் நாட்டு விமான நிலையத்திலும் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. நம்மிடம் அந்தக் கொசு இருக்கிறது, வைரஸ் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும் என்ற பழைய கணக்கு 2016-லேயே போய்விட்டது. தெருமுனை ஆஸ்பத்திரியில் இது கிடைக்காது. மத்திய அரசு ஒப்புதல் தந்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் உண்டு. அவ்வளவு தூரம் போவதற்கு முன் தூத்துக்குடி துறைமுகச் சுகாதார அலுவலகத்தில் போன் செய்து கேட்டுப் பாருங்கள். எங்கே போனாலும் முன்பதிவு செய்துகொண்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள்.

இதில் உங்கள் இருவருக்கும் ஒரு கூடுதல் விஷயம். 60 வயதைத் தாண்டியவர்கள் இந்த ஊசியை முதல்முறையாகப் போடும்போது, மிக அரிதாகக் கடுமையான பக்கவிளைவு வருவதுண்டு. இது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி. சர்க்கரையும் பிரஷரும் இதற்குத் தடை இல்லை. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரை, புற்றுநோய் சிகிச்சை, தைமஸ் சுரப்பியில் நோய் அல்லது ஆபரேஷன், முட்டை அலர்ஜி என்று எது இருந்தாலும் போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால், இரண்டு மாதம் உகாண்டாவில் இருக்கப் போகிறவர்கள் போட்டுக்கொள்வதே சரி என்பது என் முடிவு. போட்ட ஒரு மாதத்துக்குள் கடும் காய்ச்சலோ குழப்பமோ வந்தால் தாமதிக்காமல் வாருங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கல்லிடைக்குறிச்சியில் அந்தக் காலத்து வாய்க்கால் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே ஹெபடைடிஸ் ஏ என்கிற மஞ்சள்காமாலைக் கிருமி, தெரியாமலே வந்து போயிருக்கும். அதற்கான எதிர்ப்புச் சக்தி ஆயுளுக்கும் நிற்கும். ஐரோப்பாவில் இருந்து உகாண்டா போகிறவர் ஊசி போட்டுக்கொண்டு போகும் அந்த ஒரு நோய்க்கு, உங்கள் இருவருக்கும் அநேகமாக ஊசி தேவைப்படாது. ஒரு ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்ளலாம்.

அதற்கு மேல் அவர் சொன்னது நிற்காது. உடம்பு சந்தித்த கிருமியைத்தான் உடம்புக்குத் தெரியும். நம் பக்கத்தில் மலேரியா என்றால் பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற வகை. ஆளை நடுக்கி எடுக்கும், ஆனால் உயிரைப் பறிப்பது அபூர்வம். உகாண்டாவில் இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற வகை. கம்பாலா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அங்கேயும் உண்டு, வருடம் முழுக்க உண்டு. இது மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தக்குழாய்களை அடைத்துவிடும். காய்ச்சல் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் ஆள் நினைவிழப்பதும் உண்டு.

உங்கள் மகன் ஜலதோஷம் மாதிரி என்று சொல்வது அவர் கண்ணால் பார்ப்பதை வைத்து. அவரோடு வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்கள் குழந்தையில் இருந்து திரும்பத் திரும்ப மலேரியா வந்து, பிழைத்து வளர்ந்தவர்கள். அதில் பிழைக்காத குழந்தைகளின் கணக்கு தனி. பிழைத்தவர்களின் உடம்பு பாதி தாங்கப் பழகியிருக்கிறது. இரண்டு நாள் மாத்திரை சாப்பிட்டு வேலைக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் உங்கள் மகனுக்கே முழுதாக வந்திருக்காது. உங்கள் இருவருக்கும் துளியும் கிடையாது. 67 வயதுச் சர்க்கரைக்காரருக்கு அது ஜலதோஷம் இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் தென்காசிப் பக்கத்து இளைஞர் ஒருவரை என்னிடம் கூட்டி வந்தார்கள். நான்கு நாளாகக் காய்ச்சல். உள்ளூரில் வைரல் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்திருந்தது. அது ஐப்பசி மாதம், வார்டு முழுக்க டெங்கு. நானும் டெங்கு என்றே எழுதி, சலைன் போடச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மறுநாள் ராத்திரி ரவுண்ட்ஸில் அவருடைய அம்மா, “எத்தன வருசம் கழிச்சு வந்தான் எம்புள்ள, வந்த எடத்துல இப்பிடிக் கெடக்கானே” என்று அழுதார்கள். எங்கேயிருந்து வந்தார் என்று அப்போதுதான் கேட்டேன். மேற்கு ஆப்பிரிக்காவில் போர்வெல் வேலை, வந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. ஸ்லைடு போட்டுப் பார்த்தால் ஃபால்சிபாரம். அதற்குள் அவர் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா ஊசி போட்டு, ஒன்பது நாள் ஐசியூவில் வைத்திருந்து பிழைக்க வைத்தோம். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி அது. அன்றிலிருந்து காய்ச்சல் என்று யார் வந்தாலும், எந்த ஊருக்குப் போய்விட்டு வந்தீர்கள் என்று கேட்ட பிறகுதான் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுக்கிறேன்.

ஆகவே டீச்சர், நீங்கள் தடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டும். பழைய குளோரோகுயின் அங்கே பலிக்காது. உங்கள் இருவருக்கும் நான் யோசிப்பது டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் ஒன்று. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தொடங்கி, அங்கே இருக்கும் 60 நாளும் தொடர்ந்து, ஊர் திரும்பிய பிறகும் 28 நாள் சாப்பிட வேண்டும். ஆளுக்கு 90 மாத்திரை. கடைசி 28 நாளைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கடைசி நாள் கடித்த கொசு விட்ட கிருமி ஈரலில் தங்கியிருந்துவிட்டு ரத்தத்துக்குள் வரும். அது வரும்போது மாத்திரை ரத்தத்தில் காத்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருங்கள். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். உங்கள் கால்சியம் மாத்திரைக்கும் பாலுக்கும் இதற்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், சேர்ந்தால் இது உடம்பில் ஏறாது. வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், குடை வேண்டும். இந்த மாத்திரையால் அந்தரங்க இடங்களில் பூஞ்சை அரிப்பு வரலாம். டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுவதால் உங்கள் கணவருக்கு அந்த வாய்ப்பு ஏற்கெனவே உண்டு. கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள், களிம்பு எழுதித் தருகிறேன். இருவரும் நேரில் வந்தால் பார்த்துவிட்டுத்தான் சீட்டு எழுதுவேன். இதைப் படித்துவிட்டு நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம்.

நிலவேம்புக் குடிநீரை நம் ஊரில் டெங்கு காலத்தில் அரசே ஊற்றிக் கொடுத்தது, அதன் மேல் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்குப் புரிகிறது. ஆனால் ஃபால்சிபாரம் வராமல் அது தடுக்காது. டாக்ஸிசைக்ளினுக்குப் பதிலாக அதை நம்பி இருந்துவிடாதீர்கள். டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் எடுக்கிறவருக்கு அதுவும் சேர்ந்தால் சர்க்கரை இறங்கிப்போக வாய்ப்பு உண்டு.

மலேரியா கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததில் இருந்து விடியும் வரை. அந்த நேரத்தில் முழுக்கைச் சட்டை, காலை மூடும் உடுப்பு, தோலில் கொசு விரட்டிக் களிம்பு, படுக்கையில் மருந்து தோய்த்த கொசுவலை. வலையை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். மகன் வீட்டில் வலை இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். ஆறு வருடமாக வலை இல்லாமல் தூங்குகிறார் என்றால் அவருக்கும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் காய்ச்சல் வரலாம். மாத்திரை நூற்றுக்கு நூறு காப்பாற்றாது. உகாண்டா போய் ஒரு வாரம் ஆன பிறகு எந்தக் காய்ச்சல் வந்தாலும், அன்றைக்கே ரத்தத்தில் மலேரியா பார்க்க வேண்டும். இல்லை என்று வந்தால், பன்னிரண்டிலிருந்து இருபத்து நான்கு மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை பார்க்க வேண்டும். ஊர் திரும்பி மூன்று மாதம் வரை இதே விதி. ஒரு வருடம் வரை எந்த டாக்டரிடம் காய்ச்சலுக்குப் போனாலும், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதல் வார்த்தையாக “உகாண்டா போய்விட்டு வந்தேன்” என்று சொல்லிவிடுங்கள்.

ஜின்ஜாவுக்கு வருவோம். 1948-இல் காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதியை அங்கே நைலில் கரைத்தார்கள், அவருடைய மார்பளவுச் சிலையும் இருக்கிறது. உங்கள் கணவருக்கு அங்கே முழுக வேண்டும் என்று தோன்றுவதை நான் தவறென்று சொல்லமாட்டேன். 2018 மகாபுஷ்கரத்தில் குறுக்குத்துறையில் நானும் முழுகியவன்தான். நல்ல ஆற்றைக் கண்டால் நம் ஊர்க்காரர்களுக்குக் கால் தானாகப் படியிறங்கும். ஆனால் அந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது. நைல் அங்கே விக்டோரியா ஏரியில் இருந்து புறப்படுகிறது. அந்த ஏரியோரத்து நத்தைகளில் ஒரு தட்டைப்புழு வளர்கிறது. நத்தையில் இருந்து வெளியே வரும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கும். தோலில் புண்ணோ கீறலோ வேண்டியதில்லை, சில நிமிடங்களில் நல்ல தோலையே துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். பில்ஹார்சியா, சிஸ்டோசோமியாசிஸ் என்று இரண்டு பெயரிலும் சொல்வார்கள். குடலையும் ஈரலையும் வருடக்கணக்கில் மெல்லக் கெடுக்கும். தாமிரபரணியில் இது கிடையாது, அதனால்தான் நமக்கு இந்தப் பயமே பழக்கமில்லை. தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், உள்ளூர்ப் பிள்ளைகள் குதித்து நீந்துவார்கள். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

படகில் போய்க் கும்பிட்டுவிட்டு வரட்டும். தலையில் தெளித்துக்கொள்ள ஆசை என்றால் வீட்டில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைச் சொம்பில் கொண்டுபோய், அங்கே நின்று தெளித்துக்கொள்ளலாம். கம்பாலாவில் மகன் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் குளிப்பதில் பயமில்லை. ஏரியோர விடுதியில் தங்கினால், அங்கே ஏரித்தண்ணீரை நேராகக் குழாயில் விடுகிறார்களா என்று கேளுங்கள். ஒரு நாளுக்கு மேல் தொட்டியில் தேங்கிய தண்ணீர் என்றால் அந்தக் குஞ்சுகள் செத்துப்போயிருக்கும். என் பேச்சை மீறி அவர் இறங்கிவிட்டால் திட்ட வேண்டாம். திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்து என்னிடம் கூட்டி வாருங்கள். பரிசோதனை உண்டு, பிராசிகுவான்டெல் என்று நல்ல மாத்திரையும் உண்டு.

வயிற்றுப்போக்குதான் பயணத்தில் எல்லாருக்கும் வருவது. தாமிரபரணிக் கிருமிக்குப் பழகிய குடல், விக்டோரியா ஏரிக் கிருமிக்குப் புதுசு. கொதிக்கவைத்த தண்ணீர், உங்கள் கண்முன் அடுப்பில் இருந்து இறங்கிய சூடான உணவு, நீங்களே உரித்த பழம், இவை போதும். கம்பாலா தெருவில் சப்பாத்திக்குள் முட்டை வைத்துச் சுருட்டி ‘ரோலெக்ஸ்’ என்று விற்பார்கள். கல்லில் இருந்து நேராக இலைக்கோ தட்டுக்கோ வந்தால் சாப்பிடலாம், கூடவே வைக்கும் பச்சை வெங்காயம் தக்காளியை ஒதுக்கிவிடுங்கள். மட்டோக்கே என்று வாழைக்காயை அவித்து மசித்துத் தருவார்கள், அது நம் வயிற்றுக்கு ஒத்துப்போகும். ஐஸ் வேண்டாம். டைஃபாய்டு ஊசி மட்டும் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது இங்கேயே போட்டுவிடலாம். அவருக்கு ஃப்ளூ ஊசியும்.

ஓஆர்எஸ் பொட்டலம் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர், சரியாக அளந்து கரைக்க வேண்டும். சர்க்கரைக்காரர் ஓஆர்எஸ் குடிக்கலாமா என்று தயங்குவீர்கள். பேதி ஆகும்போது கண்டிப்பாகக் குடிக்க வேண்டும், உள்ளே போன சர்க்கரையை ஊசியால் சமாளித்துக்கொள்ளலாம், வற்றிப்போன சிறுநீரகத்தைச் சமாளிப்பது கஷ்டம். இங்கே ஒன்றைக் குறித்து வையுங்கள். பேதியோ வாந்தியோ நிற்காமல் போகும் நாளில் டாபாகிளிஃப்ளோசினையும் மெட்ஃபார்மினையும் நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. பிரஷர் மாத்திரையில் எதை நிறுத்த வேண்டும் என்பதைச் சீட்டைப் பார்த்து எழுதித் தருகிறேன். இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை பார்த்து அளவு மாற்றலாம். மலத்தில் ரத்தமோ, கூடவே காய்ச்சலோ இருந்தால் பேதியை அடைக்கும் மாத்திரை போடாமல் டாக்டரிடம் போங்கள்.

மருந்துகளை இரண்டரை மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அட்டையோடு, என் சீட்டோடு, கைப்பையில். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலின் வீண். உகாண்டா நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம்தான் பின்னால், ஊசி நேரத்தில் பெரிய குழப்பம் வராது. விமானத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் உறையும். நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். மகனுக்கு அப்பளக் கட்டு கொண்டுபோவீர்கள், அது தெரிந்ததுதான். தினமும் அப்பாவும் சேர்ந்து நொறுக்க வேண்டாம், பிரஷருக்கு அந்த உப்பு ஆகாது.

எபோலாவைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொன்னது பொய் இல்லை. 2022-லும் 2025-லும் உகாண்டாவில் பரவி, இரண்டு முறையும் அவர்களே அடக்கினார்கள். அது காற்றில் பரவாது. நோயாளியின் ரத்தம், வாந்தி, வியர்வை பட்டால்தான் வரும். கிளம்பும் வாரத்தில் செய்தி பாருங்கள். அங்கே நோய்வாய்ப்பட்டவர் வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் போவதைத் தவிருங்கள். வௌவால் குகை எதற்குள்ளும் போகாதீர்கள். குரங்கோ நாயோ பிராண்டினால் பாபநாசத்தில் செய்வது போல மஞ்சள் வைத்துக் கட்ட வேண்டாம். பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசி.

கொடியில் காயவைத்த துணியில் முட்டையிடும் ஒரு ஈ அங்கே உண்டு. அந்தத் துணியைப் போட்டால் புழு தோலுக்குள் போய்க் கட்டியாக வீங்கும். எந்தத் துணியையும், உள்ளாடை வரைக்கும், இரண்டு பக்கமும் சூடாக இஸ்திரி போட்டுத்தான் உடுத்த வேண்டும். மண்ணில் இருக்கும் ஒருவகைத் தெள்ளுப்பூச்சி கால்விரல் இடுக்கில் புதைந்துகொள்ளும், அதை ஜிக்கர் என்பார்கள். ஜின்ஜா பக்கம் அது அதிகம். உணர்ச்சி மழுங்கிய சர்க்கரைக் காலில் அது நுழைந்தால் புண் பெரிதான பிறகுதான் தெரியவரும். உங்கள் கணவர் வெறுங்காலோடு வாசலில் நடக்கிறவர் என்று நினைக்கிறேன். அங்கே வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். தினம் ராத்திரி படுக்கும் முன் நீங்கள் அவர் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். மூடிய ஷூ ஒன்றை இந்த வாரமே வாங்கி, கிளம்பும் வரை தினம் காலையில் ஆற்றங்கரை வரை போட்டு நடக்கச் சொல்லுங்கள். என்னைப் பார்க்க வரும்போது அந்த ஷூவைப் போட்டுக்கொண்டே வரட்டும். எங்காவது கடித்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.